யாருடைய கோடு?

குழந்தை இலக்கியம் பற்றிப் பேசும்பொழுது நாம் கதைகளையும் பாடல்களையும் எடுத்து ஆராய்கிறோம். அவற்றின் கருத்து முற்போக்கானதா பிற்போக்கானதா என்று விவாதிக்கிறோம். ஆனால், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கு முன்னரே குழந்தையின் கையை அடைந்துவிடும் புத்தகம் ஒன்றுண்டு. தடித்த கறுப்புக் கோட்டினால் வரையப்பெற்ற எலி, வாத்து, நாய், பன்றி முதலிய கார்ட்டூன் மிருகங்களைக் கொண்டதும், அவற்றின் உள்ளிடம் வெறுமையாக விடப்பட்டதுமான நிறந்தீட்டற் புத்தகமே அது. வீட்டிலே தாயும் தந்தையும், முன்பள்ளியிலே ஆசிரியையும் குழந்தையின் அருகிலிருந்து அதனைத் தீட்டுவிக்கின்றனர். எத்தனையோ குழந்தைகளுக்குக் கலையுலகின் வாயில் இதுதான். வாயிலைப் பற்றி விமர்சகன் பேசாதிருத்தல் முறையன்று.

இப்புத்தகங்களைப் பற்றி இருவகை மனப்பான்மைகள் நிலவுகின்றன. “சின்னஞ் சிறுவர்கள் பொழுது போக்குகிறார்கள், அவர்களது கை பழகுகிறது, இதிலே சமூகப் பிரச்சினைக்கு என்ன இடமிருக்கிறது?” என்று கேட்பது ஒரு வகை. அந்நிய முதலாளித்துவத்தின் நச்சுச் சரக்கு என்று முழுவதையும் ஒரே மூச்சில் தள்ளிவிடுவது மற்றொரு வகை. முதலாவது மனப்பான்மை சிந்திக்க மறுக்கிறது. இரண்டாவது, சிந்திக்க வேண்டிய இடத்திலே சுலோகத்தை வைத்துத் திருப்தி அடைகிறது.

இரண்டாவது நிலைப்பாட்டுக்கு ஆதாரமாகப் பலரும் எடுத்துக்காட்டும் நூல், சிலி நாட்டிலே 1971 ஆம் ஆண்டு ஏரியல் டோர்ப்மனும் ஆர்மன் மற்றலாரும் டொனால்ட் வாத்தைப் பற்றி எழுதியதாகும். டிஸ்னி சித்திரக் கதைகளிலே மாமன்மாரும் மருமக்களும் உளர், பெற்றோர் இலர். செல்வம் குவிந்து கிடக்கிறது, அதனை உற்பத்தி செய்யும் தொழிலாளர் கண்ணுக்குத் தென்படுவதில்லை என்று அவர்கள் காட்டினர். 1973 ஆம் ஆண்டு இராணுவச் சதிக்குப் பின்னர் அந்நூல் தீயிலிடப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை 1975 இல் அமெரிக்கச் சுங்கப் பகுதியினர் தடுத்து வைத்தனர். ஒரு வாத்தைப் பற்றிய விமர்சனத்துக்கு ஆட்சியாளர் இவ்வளவு அஞ்சினர் என்பதே அதன் பெறுமதிக்குச் சான்றாகும்.

ஆயினும், அந்த ஆய்வுமுறை நமது விடயத்துக்குப் போதாது. சித்திரக் கதையிலே கதை உண்டு, உரையாடல் உண்டு. அவற்றின் உட்பொருளை எடுத்துரைக்கலாம். நிறந்தீட்டும் தாளிலே அவை இல்லை. இருப்பது ஒரு கோடும் ஒரு வெற்றிடமுமே. எனவே, இத்தாள் குழந்தைக்கு என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், குழந்தையை என்ன செய்ய வைக்கிறது என்பதே முதன்மையான வினாவாகும். உருவத்தைக் கற்பனை செய்து கோட்டினை இட்டவர் ஒருவர். அதனுள்ளே வண்ணத்தை நிரப்புபவர் இன்னொருவர். இது ஒரு தொழிற் பிரிவினை. இந்தப் பிரிவினைக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் மாநகரிலே சிறுவர் நூல்களின் படங்கள் கறுப்பு மையினால் அச்சிடப்பட்டுப் பின்னர் கையினால் வண்ணம் பூசப்பட்டன. அவ்வேலையைச் செய்தோரிற் பலர் சிறுவர்களே. மேசையைச் சுற்றி அவர்கள் அமர்ந்திருப்பர். ஒருவனுக்குச் சிவப்பு, அடுத்தவனுக்கு நீலம், மற்றவனுக்கு மஞ்சள். ஒவ்வொருவனும் தன் நிறத்தைத் தீட்டித் தாளை அடுத்தவனிடம் தள்ளுவான். வறிய வீட்டுப் பிள்ளை கூலிக்குத் தீட்டிய படத்தை வசதி படைத்த வீட்டுப் பிள்ளை பார்த்து மகிழ்ந்தது. பின்னர் வண்ண அச்சுப் பொறிகள் பெருகின. கையினால் வண்ணம் பூசும் கூலித்தொழில் நலிந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக் காலத்திலே, 1880 ஆம் ஆண்டளவில், நியூயோர்க்கைச் சேர்ந்த மக்லொக்லின் சகோதரர் என்ற பதிப்பகத்தார் கேற் கிறீனவேயின் சித்திரங்களைக் கொண்டு சிறுவர் வண்ணந்தீட்டும் புத்தகமொன்றை வெளியிட்டனர். இவ்வகை நூல்களின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. நேற்றுவரை கூலி வேலையாக இருந்தது, பொறி வந்ததும் பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டாயிற்று. 1903 இல் அமெரிக்காவிலே எட்டு நிறங்கள் கொண்ட கிறயோலாப் பெட்டி ஐந்து சதத்துக்கு விற்பனைக்கு வந்தபொழுது அவ்விளையாட்டு சாதாரண குடும்பங்களையும் எட்டியது. இது நன்மையே. வண்ணம் மலிவானது குழந்தைக்குக் கிடைத்த உரிமை. ஆனால், வண்ணம் மலிவான அளவுக்குக் கோடு குழந்தையின் வசமாகவில்லை.

கார்ட்டூன் மிருகங்கள் வந்து சேர்ந்தபொழுது இந்நிலை மேலும் இறுகியது. மிக்கி மௌஸ் 1928 இல் திரையில் தோன்றிற்று. நான்காண்டுகள் கழிந்து, 1932 இல், அவ்வுருவத்தைப் பிற பண்டங்களிற் பதிக்கும் உரிமையை விற்றுக் கொடுக்கும் பொறுப்பை டிஸ்னி நிறுவனத்தார் கே கேமன் என்ற வியாபாரியிடம் ஒப்படைத்தனர். 1933 இல் மிக்கியின் கைகளை முட்களாகக் கொண்ட கைக்கடிகாரம் வெளிவந்தது. பொம்மை, கடிகாரம் ஆகியவற்றின் வரிசையிலேதான் நிறந்தீட்டற் புத்தகமும் இடம்பெற்றது. எனவே, அப்புத்தகத்தின் எலி ஒரு வியாபாரச் சின்னமுமாகும். அமெரிக்காவில் 1998 இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் பதிப்புரிமையை மேலும் இருபதாண்டுகள் நீடித்தது. 1928 ஆம் ஆண்டுப் படத்தின் கறுப்பு வெள்ளை எலி 2024 ஜனவரி முதலாந் திகதியன்றே அந்நாட்டிற் பொதுச் சொத்தாயிற்று. குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டிய கோட்டுக்கு, தொண்ணூற்றைந்து ஆண்டுகள் சட்டத்தின் காவல் இருந்தது.

இனி, அக்கோடு பிறந்த தொழிற்கூடத்தின் உள்ளே சற்று நோக்குவோம். டிஸ்னியின் படப்பிடிப்பகத்திலே உருவங்களைச் சிருஷ்டித்து அசைவு கொடுத்தோர் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் வரைந்தவற்றைச் செலுலோயிட் தாள்களில் மையினாற் படியெடுத்து, மறுபக்கத்தில் வண்ணம் நிரப்பியோர் பெண்கள். 1938 இல் வேலை கேட்டு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு அந்நிறுவனம் அனுப்பிய மறுமொழி இன்று பலரும் அறிந்த ஆவணமாகும். சிருஷ்டி வேலை பெண்களுக்கு இல்லை; அதனை இளைஞர்களே செய்கின்றனர்; படியெடுப்பதும், கொடுக்கப்பட்ட அறிவுறுத்தலின்படி கோட்டுக்குள் வண்ணம் நிரப்புவதுமே பெண்களுக்குரிய வேலை என்ற கருத்து அதிலே ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊதியத்திலும் அப்பிரிவினை பிரதிபலித்தது. முதன்மைச் சித்திரக்காரருட் சிலர் வாரத்துக்கு 300 டாலர் வரை பெற்ற காலத்தில், மையிட்டு வண்ணம் நிரப்பிய பெண்களுட் பலருக்கு 20 டாலர்கூடக் கிடைக்கவில்லை. 1941 மே மாதத்தில் அத்தொழிற்கூடத்திலே வேலைநிறுத்தம் வெடித்தது. உயர்ந்த ஊதியம் பெற்ற ஆர்ட் பாபிற் போன்ற கலைஞர்களும் குறைந்த ஊதியம் பெற்றோருடன் வீதியில் நின்றனர். முடிவில் நிறுவனம் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க வேண்டியதாயிற்று.

இவ்வரலாற்றைக் குழந்தையின் மேசைமீது கொணர்ந்து வைப்பது மிகையென்று சிலர் கருதலாம். குழந்தைக்குக் கூலியும் இல்லை, எசமானும் இல்லை என்பது உண்மையே. ஆயினும், அறிவுறுத்தலின்படி நிரப்புதல் என்ற வேலையின் இலக்கணம் இரண்டிடத்தும் ஒன்றே. “உனக்கு விருப்பமான நிறத்தைத் தீட்டு” என்று குழந்தையிடம் சொல்கிறோம். மிக்கியின் காற்சட்டை சிவப்பு, சப்பாத்து மஞ்சள், கையுறை வெள்ளை என்று முன்னரே விதிக்கப்பட்டாயிற்று. நான்கு வயதுக் குழந்தைக்கு அது தெரியும், தெரியாவிட்டால் அட்டைப்படம் காட்டிக் கொடுக்கும், அட்டைப்படம் தவறினால் அருகிலிருக்கும் பெரியவர், “ஐயோ, காற்சட்டைக்குப் பச்சையா?” என்பார். கோடும் பிறருடையது, நிறமும் பிறருடையது. குழந்தைக்கு எஞ்சுவது உழைப்பு மட்டுமே.

வண்ணக் குச்சியின் பெயரிலும் இத்தகைய விதிப்பு இருந்ததுண்டு. கிறயோலாப் பெட்டியிலே வெள்ளையரின் மேனி நிறத்தையொத்த குச்சி ஒன்று ‘தோல் நிறம்’ என்ற பொருள்படும் பெயரைத் தாங்கியிருந்தது. கறுப்பின மக்களின் சமவுரிமைப் போராட்டம் எழுச்சியுற்றிருந்த காலத்தில், 1962 இல், அப்பெயர் மாற்றப்பட்டு ஒரு பழத்தின் பெயர் இடப்பட்டது. எனினும், அந்நிறத்தைத் ‘தோல் நிறம்’ என்று கேட்டு வாங்கும் குழந்தைகளை நம் நாட்டு வகுப்புகளிலும் காணலாம். கேட்கும் குழந்தையின் தோலின் நிறம் அதுவன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாள்கள் குழந்தையின் கையை என்ன செய்கின்றன? இவ்வினாவை அழுத்தமாக எழுப்பியவர்களுள் விக்ரர் லோவன்பெல்ட் குறிப்பிடத்தக்கவர். ஒஸ்திரியாவிலே பிறந்து, வியன்னாவிலே பார்வையற்ற சிறுவர்களுக்குக் கலை கற்பித்து, 1938 இல் நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்றவர் அவர். 1947 இல் வெளிவந்து பல பதிப்புகளைக் கண்ட அவரது கலைக்கல்வி நூல் நிறந்தீட்டற் புத்தகங்களை வன்மையாகக் கண்டித்தது. அந்நூலின் பிற்பதிப்புகளில் இடம்பெற்ற மூன்று படங்கள் ஆசிரியர் உலகில் நன்கு அறியப்பட்டவை. முதற் படத்தில் ஒரு குழந்தை தானாகப் பறவைகளை வரைந்திருக்கிறது; ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பறக்கிறது. இரண்டாவது, அச்சிட்ட பறவைகளுக்கு அக்குழந்தை நிறந்தீட்டிய தாள். அதன் பின்னர் குழந்தை வரைந்த பறவைகளைக் காட்டுவது மூன்றாவது. தன் பறவைகள் மறைந்துவிட்டன. அச்சுப் பறவையின் மங்கலான போலியே மீண்டும் மீண்டும் வருகிறது. “எனக்குக் கீறத் தெரியாது” என்று ஐந்து வயதிலே சொல்லும் குழந்தையைக் கண்ட எந்த ஆசிரியருக்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கும் இவ்விவாதம் புதிதன்று. குடியேற்ற ஆட்சிக் காலத்திலே சித்திரப் பாடம் என்பது மாதிரியைப் பார்த்துப் பிரதி செய்வதாகவே பெரிதும் இருந்தது. 1920களிற் கலைப் பரிசோதகராகப் பணியாற்றிய சி. எப். வின்சர் அம்முறையை எதிர்த்து, மாணவரின் சொந்த வெளிப்பாட்டுக்கு இடமளித்தார். 1938 இல் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் நிறுவிய ஓவியர் கழகம் அவரது பெயரையே தாங்கிற்று. அன்று பாடசாலை வாசலால் வெளியேற்றப்பட்ட பிரதி செய்தல், இன்று கார்ட்டூன் மிருகங்களின் வடிவிலே முன்பள்ளியின் வாசலால் உள்ளே வந்திருக்கிறது.

மறுதரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். வோல்ரர் பென்யமின் 1926 இல் எழுதிய குழந்தை நூல்கள் பற்றிய கட்டுரையில், நிறமற்ற படம் குழந்தையை அழைக்கிறது என்று கூறினார். வண்ணப் படத்திலே குழந்தை மெய்ம்மறந்து ஆழ்ந்துவிடுகிறது; கறுப்பு வெள்ளைப் படமோ தன்னைப் பூர்த்தி செய்யும்படி தூண்டுகிறது; குழந்தை அதன்மீது கிறுக்குகிறது, அதனைப் பற்றிப் பேசுகிறது என்பது அவரது கருத்து. இது நிறந்தீட்டும் தாளுக்குச் சாதகமான வாதமாகத் தோன்றலாம். ஆனால், பென்யமின் வரவேற்ற செயல் எது என்பதைக் கவனித்தல் வேண்டும். படத்தின் எல்லையை மீறி எழுதுவதையும் கிறுக்குவதையுமே அவர் கொண்டாடினார். கோட்டுக்கு வெளியே நிறம் வழிந்ததும், “கவனமாகச் செய்” என்று நாம் அதட்டும்பொழுது அந்த அழைப்பை நாமே இரத்துச் செய்துவிடுகிறோம்.

குழந்தைகள் எளிதில் அடங்கிவிடுபவர்களுமல்லர். யானைக்கு ஊதாவும் வாத்துக்குக் கறுப்பும் தீட்டுவார்கள். படத்தின் மூலையிலே தமது தங்கையைக் கீறி விடுவார்கள். ஒரே நிறத்தால் முகத்தையே மூடிவிட்டு, “இது இரவு” என்பார்கள். மேலும், தாய் ஒரு காதுக்கும் பிள்ளை மறு காதுக்குமாக ஒரே தாளிற் குனிந்திருந்து தீட்டும் அரைமணி நேரத்தின் இன்பத்தை எந்த விமர்சனத்தாலும் மறுக்க முடியாது. அந்த இன்பத்தின் ஊற்று அருகிலிருக்கும் மனிதர். மிக்கி அங்கு ஒரு சாட்டு மாத்திரமே.

ஆசிரியையின் நிலையையும் மறத்தலாகாது. சிறிய அறை, நிறையப் பிள்ளைகள், சொற்ப வேதனம், சித்திரத் தாள் வாங்கப் பணமின்மை என்ற நிலைமையிலே ஒரு படத்தைப் போட்டோப் பிரதி எடுத்துப் பகிர்ந்தளிப்பது இலகுவான வழி. பெற்றோரும் ‘அழகான’ தாளையே வீட்டுக்கு எதிர்பார்க்கின்றனர். இந்நிலைமையை உருவாக்கியவள் அவளல்லள். முன்பள்ளி ஆசிரியைக்கு உரிய ஊதியமும் பயிற்சியும் கோருவது, கலைக்கல்வி பற்றிய எந்த உபதேசத்துக்கும் முற்பட்ட கடமையாகும்.

நம்மவர் சிலர் முன்வைக்கும் பரிகாரம் ஒன்றுண்டு: மிக்கியை அகற்றிவிட்டு நமது அணிலையும் மயிலையும் அச்சிட வேண்டும் என்பது. தேசியப் பற்றினால் எழுந்த யோசனை எனினும், பிரச்சினையின் வேரை இது தொடவில்லை. தடித்த கோட்டினுள் அடைபட்ட அணிலும் பிறர் கீறிய அணிலே. அதனையும் “கோட்டைத் தாண்டாதே” என்று சொல்லித்தான் தீட்டுவிக்கப் போகிறோம். மிருகத்தின் பெயரும் ஊரும் மாறுகின்றன. குழந்தைக்குரிய இடம் மாறவில்லை.

கோட்டினைச் சுதேசியாக்கினாற் போதும் என்ற எண்ணத்துக்கு இன்னொரு மறுப்பும் உண்டு. குழந்தையின் சொந்தக் கோட்டையே தொழில்துறை எடுத்துக்கொண்டு விற்க வல்லது. 2004 இல் பிரித்தானியாவிலே ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘பெப்பா பிக்’ என்ற பன்றிக்குட்டியைப் பாருங்கள். பக்கவாட்டாகத் திரும்பிய முகத்தில் இரு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும், கைகால்கள் குச்சிகள். ஒரு சிறு குழந்தை வரையும் முறையே அது. அவ்வுருவத்தைத் தன்னிடம் வைத்திருந்த நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு வாங்குவதாக ஓர் அமெரிக்க விளையாட்டுப் பொருட் கம்பனி 2019 இல் அறிவித்தது. குழந்தை தானாகவே வரையக்கூடிய பன்றியை, வெற்றிடத்தோடு அச்சிட்டு, அக்குழந்தைக்கே விற்கிறார்கள். இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுமா?

நமது பழைய கதைகளின் மிருகங்களுக்கு இக்கதி நேரவில்லை. பஞ்சதந்திரத்து நரிக்கும் ஈசோப்பின் காகத்துக்கும் உரிமையாளர் எவருமிலர். பாட்டி சொல்லும் நரிக்கு வால் எவ்வளவு நீளம் என்பதைக் கேட்கும் குழந்தையே தீர்மானிக்கிறது. பத்துக் குழந்தைகள் கேட்டாற் பத்து நரிகள். சொல்லிலே பிறந்த மிருகம் கேட்பவனின் மனத்திற் பங்காளி தேடுகிறது. வியாபாரச் சின்னமாகப் பிறந்த மிருகமோ எங்கும் ஒரே மாதிரியாக இருந்தாக வேண்டும்.

“அப்படியாயின் எழுத்தையும் பிறர் கோட்டின்மீது எழுதித்தானே பழகுகிறோம்? ஏடு தொடக்கும்பொழுது பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிப்பதும் பிழையா?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. ‘அ’ ஆளுக்கொரு விதமாக இருக்க முடியாது. இருந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாது. எழுத்து சமுதாயம் முழுவதற்கும் உரிய பொதுச் சொத்து. அதனைக் கற்ற குழந்தை நாளை தன் வசனத்தைத் தானே எழுதும். எலி அவ்வாறன்று. வீட்டு மூலையில் நெல் கொறித்த எலியைக் கண்ட குழந்தையிடம் எலியைப் பற்றிய அறிவு இருக்கிறது. கற்பனை அனுபவத்தின் பொருள்களைக் கொண்டே கட்டப்படுகிறது என்று சோவியத் உளவியலாளர் வைகொட்ஸ்கி 1930 இல் குழந்தைகளின் சிருஷ்டி பற்றி எழுதிய நூலில் வற்புறுத்தினார். கண்ட எலியைத் தாளில் இடம்பெற விடாது, கையுறை அணிந்த எலியையே மீண்டும் மீண்டும் தீட்டுவித்தால் அனுபவத்துக்கும் கற்பனைக்கும் இடையிலுள்ள பாலம் பழுதடைகிறது.

ஆகவே, செய்யத்தக்கது யாது? புத்தகங்களைப் பறித்தெறிதல் வேண்டியதில்லை. பறிக்கப்பட்ட பொருளுக்குக் கவர்ச்சி கூடுமேயன்றிக் குறையாது. குழந்தையோடு அமர்ந்திருக்கும் பெரியவர் தமது இருப்பைப் பயன்படுத்த வேண்டும். “இந்த நாய் எங்கே போகிறது? இதன் வீடு எங்கே?” என்று கேட்டால், குழந்தை கோட்டுக்கு வெளியே ஒரு தெருவை வரையும். டிஸ்னியின் தாளிலே புளூட்டோவும் நாய், கூபியும் நாய். ஒன்று சங்கிலியிற் கட்டுண்டு நாலு காலில் நடக்கிறது, மற்றது உடையணிந்து பேசுகிறது. “ஏன் அப்படி?” என்ற கேள்வியை ஐந்து வயதுக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள், சமத்துவம் பற்றிய உரையாடல் ஒன்று ஆரம்பமாகும். தீட்டி முடித்ததும் தாளைத் திருப்பிக் கொடுக்கலாம். மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. அதற்குத் தனியாக விலை கொடுக்க வேண்டியதில்லை. அங்கே தன் வீட்டு எலியை, தன் ஊர் நாயை அது கீறட்டும். கோட்டைத் தாண்டியதற்காகப் புள்ளி குறைக்கும் வழக்கத்தையும், நட்சத்திரம் ஒட்டாது விடும் வழக்கத்தையும் இன்றே நிறுத்தலாம். பெரியவர் குழந்தைக்காகத் தாமே வரைந்து காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்ள வேண்டும். நமது நேர்த்தியான பூனையும் குழந்தையின் பூனையை விரட்டிவிடும். தாள் இல்லாவிடிற் கரும்பலகையும் சோக்கும், சிமெந்துத் தரையும் கரித்துண்டும், முற்றத்து மணலும் உண்டு.

இவையெல்லாம் சிறு காரியங்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால், பிறர் வகுத்த எல்லைக்குள் ஒழுங்காக நிரப்பிப் பாராட்டுப் பெறுவதையே திறமை என்று ஐந்து வயதிற் கற்றுக்கொண்ட பிள்ளை, பதினைந்து வயதிலே பரீட்சைத் தாளின் வெற்றிடத்தையும், இருபத்தைந்து வயதிலே அலுவலகப் படிவத்தின் வெற்றிடத்தையும் அவ்வாறே நிரப்பப் பழகிவிடுகிறது. எல்லைகளை யார் வகுத்தார்கள் என்று கேட்கும் மனிதர்களை வேண்டி நிற்கும் நாம், அக்கேள்வியைக் குழந்தை முதன்முதலாகக் கேட்கக்கூடிய இடத்தை அலட்சியம் செய்யலாகாது. அந்த இடம் முன்பள்ளியின் தாழ்ந்த மேசையிலே, ஒரு முறிந்த வண்ணக் குச்சியின் அருகே இருக்கிறது.